சேவலா, பெட்டையா? ஒரு நாள் குஞ்சின் கதை

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில், சைக்கிளிலோ மொபெட்டிலோ கூடை கட்டிக்கொண்டு கலர்க் கோழிக்குஞ்சு விற்க வருகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் ஏறிய குஞ்சுகள் கூடைக்குள் கீச்சிடும். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்குவார்கள். பூனைக்கும் காக்கைக்கும் கழிச்சல் நோய்க்கும் தப்பி ஒன்றிரண்டு வளரும். சாயம் போய், வெள்ளை இறகு முளைத்து, தலையில் சிவப்புக் கொண்டை எழும்பும். முட்டையிடும் என்று காத்திருந்த வீட்டில் ஒரு நாள் அது கூவும்!

பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான். இது துரதிர்ஷ்டமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி ஆண், பாதி பெண். அப்படியிருக்க, தற்செயலாக எடுத்த பத்துக் குஞ்சுகளும் சேவலாகவே அமைவது 1024 தடவையில் ஒரு தடவைதான் நடக்கும். தெருவுக்குத் தெரு அப்படி நடக்கிறதென்றால் அது தற்செயல் அல்ல. குஞ்சு பொரித்த அன்றே யாரோ ஒருவர் அவற்றைப் பார்த்து, பெட்டைகளை ஒரு பக்கமும் சேவல்களை ஒரு பக்கமும் பிரித்துவிட்டார் என்றுதான் பொருள். பெட்டைகள் முட்டைப் பண்ணைக்குப் போயின. எஞ்சிய சேவல்களில் சில சாயம் பூசிக்கொண்டு உங்கள் தெருவுக்கு வந்தன.

பஞ்சுருண்டை போன்ற அந்த ஒரு நாள் குஞ்சுகள் நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன. அவற்றில் ஆண் எது, பெண் எது என்று கண்டுபிடிக்க மனிதன் பட்ட பாடு ஒரு சுவையான வரலாறு. அதை இனிப் பார்ப்போம்.

முட்டையைப் பார்த்துச் சொன்ன காலம்

குஞ்சு வரும் முன்பே, முட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நெடுங்காலமாக மக்கள் நம்பிவந்தார்கள். கூர்முனை முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று நம் ஊர்களிலும் சொல்வதுண்டு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலோ இதற்கு நேர்மாறாக, நீண்டு கூரான முட்டை பெண் என்றும், உருண்டையானது ஆண் என்றும் எழுதிவைத்தார். சில நூற்றாண்டுகளுக்குப் பின் ரோமாபுரியில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா, கூரான முட்டையே சேவலாகும் என்றார். இரண்டு பெரியவர்கள் இரண்டு திசையில் கை காட்டினார்கள்!

இருவருமே சரியல்ல. முட்டையின் வடிவம் தாய்க்கோழியின் கருக்குழாயில் அமைகிறது. குஞ்சின் பாலினமோ அதற்கு முன்பே, கருமுட்டையிலேயே முடிவாகிவிடுகிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே கோழி இடும் முட்டைகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். அந்த முட்டைகளை அடை வைத்தால் சேவலும் வரும், பெட்டையும் வரும்.

ஆனால் அந்த நாளில் தவறாகச் சொன்னதால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. வீட்டுக் கோழிக்குக் குப்பைமேடே தீவனக் கிடங்கு. பெட்டை என்றால் முட்டை. சேவல் என்றால் விருந்துக்கோ, நேர்த்திக்கடனுக்கோ, சண்டைக்கோ ஆயிற்று. இரண்டு மாதம் பொறுத்தால் கொண்டையே உண்மையைச் சொல்லிவிடும். குஞ்சைப் பிரித்தறியும் அவசரம் யாருக்கும் இருக்கவில்லை.

கோழிகளைத் தீவனம் வாங்கிப் போட்டு வளர்க்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. முட்டைக்காக ஆயிரம் குஞ்சு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்நூறு சேவல். எட்டு வாரத்துக்குள் ஒரு குஞ்சு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் தீவனம் தின்னும். ஐந்நூறு சேவல்களும் சேர்ந்து முக்கால் டன் தீவனத்தைத் தின்று தீர்த்துவிடும். இடம், மின்சாரம், மருந்து, ஆள்கூலி எல்லாம் இதற்கு மேல். முதல் நாளே பிரிக்க முடிந்தால் இவ்வளவும் மிச்சம் அல்லவா?

தாயின் சொத்து மகனுக்கு

இந்தக் கேள்விக்கு முதலில் விடை சொன்னவர்கள் பரம்பரை இயல்பை ஆராய்ந்த விஞ்ஞானிகள். உயிரியல் பாடத்தில் நீங்கள் போட்டிருக்கும் ‘புன்னெட் சதுர’த்துக்குச் சொந்தக்காரரான ரெஜினால்டு புன்னெட் அவர்களில் முக்கியமானவர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கோழிகளை வளர்த்தே பரம்பரை விதிகளை அவர் ஆராய்ந்தார்.

மனிதர்களில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். ஆகவே குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் அணுவே தீர்மானிக்கிறது. பறவைகளில் இது தலைகீழ். சேவலுக்கு ஒரே மாதிரியான இரண்டு குரோமோசோம்கள். அவற்றை ‘இசட்’ என்கிறோம். பெட்டைக்கு ஒரு இசட்டும், ஒரு ‘டபிள்யூ’வும் உண்டு. தாய் தன் இசட்டைக் கொடுத்தால் குஞ்சு சேவல். டபிள்யூவைக் கொடுத்தால் பெட்டை. பெண் குழந்தை பிறந்ததற்காகத் தாயைக் குறை கூறும் பேச்சு இன்றும் சில வீடுகளில் கேட்கிறது. அந்தப் பேச்சு கோழிக்கு வேண்டுமானால் பொருந்தும், மனிதருக்குப் பொருந்தாது!

இதிலிருந்து ஒரு வேடிக்கையான விளைவு கிடைக்கிறது. தாய்க்கோழியின் இசட்டில் உள்ள இயல்பு எதுவாயினும் அது மகன்களுக்கு மட்டுமே போகும். மகள்களுக்கு இசட் தந்தையிடமிருந்து மட்டுமே கிடைக்கும். ஆகவே, இசட்டில் அமைந்த ஒரு நிறம் தாயிடம் இருந்து, தந்தையிடம் இல்லாதபடி ஜோடி சேர்த்தால், குஞ்சின் நிறமே அதன் பாலினத்தைச் சொல்லிவிடும்.

‘பிளிமத் ராக்’ என்னும் அமெரிக்க இனக் கோழியின் கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகள் இருக்கும். இந்தப் பட்டை இயல்பு இசட்டில் உள்ளது. இது பாலினத்தை ஒட்டிப் பரம்பரையாக வருவதை 1908ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் ஸ்பில்மன் எடுத்துக்காட்டினார். பட்டைப் பெட்டையோடு பட்டையில்லாக் கறுப்புச் சேவலைச் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் கறுப்பாக இருக்கும். ஆனால் சேவல் குஞ்சின் உச்சந்தலையில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். அதேபோல, வெள்ளி நிறத்துக்குரிய ஜீன் கொண்ட ‘லைட் சசெக்ஸ்’ பெட்டையோடு சிவப்பு ‘ரோட் ஐலண்ட் ரெட்’ சேவலைச் சேர்த்தால் சேவல் குஞ்சு வெளிறிய மஞ்சள். பெட்டைக் குஞ்சு செம்மஞ்சள்.

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் உணவுத் தட்டுப்பாடு. தேவையற்ற சேவல்களுக்குத் தீனி போடாமலிருக்க இந்த நிற உத்தியைப் பயன்படுத்தலாம் என்று அப்போது புன்னெட் யோசனை கூறினார். பின்னர் அவரும் மைக்கேல் பீஸும் சேர்ந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் குஞ்சின் நிறத்தைக் கொண்டே பால் பிரிக்கக்கூடிய ‘கேம்பார்’ என்ற புதிய இனத்தை 1930ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார்கள்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. உலகில் மிக அதிகமாக முட்டையிடும் இனம் ‘வெள்ளை லெகார்ன்’. அதன் குஞ்சுகள் எல்லாமே மஞ்சள். நிற உத்தி அங்கே செல்லவில்லை.

ஜப்பானியர் கண்ட கடுகு

அதற்கான விடை கிழக்கிலிருந்து வந்தது. சேவலுக்குப் பிற பிராணிகளைப் போலப் புறத்தே தெரியும் இனப்பெருக்க உறுப்பு கிடையாது. எச்சம், சிறுநீர், விந்து எல்லாவற்றுக்கும் ஒரே துவாரம்தான். அந்த எச்சத்துளையின் உள்விளிம்பில் கடுகளவு கூட இல்லாத ஒரு மேடு இருக்கிறது. கரு வளரும்போது இரு பாலிலும் தோன்றும் அந்த மேடு, பெட்டையில் பொரிப்பதற்கு முன்பே பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது, சேவலில் தங்கிவிடுகிறது. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோஷி மசுயியும் அவருடைய துணைவர்களும் 1920களின் நடுவில் இதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். 1927இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் இந்தச் செய்தி உலகுக்கு எட்டியது. 1933இல் மசுயியும் ஹஷிமோட்டோவும் எழுதிய ஆங்கில நூலும் வெளிவந்தது. ஜப்பானிய நிபுணர்கள் கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று பல நாடுகளுக்கும் சென்று வேலை செய்தார்கள், பிறருக்கும் கற்பித்தார்கள்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலை, செய்வதற்கு மிகக் கடினம். குஞ்சை இடது கையில் எடுத்து, முதலில் எச்சத்தை வெளியேற்றி, பிறகு விரல் நுனிகளால் துளையை மெல்ல விரித்து, பளிச்சென்ற விளக்கொளியில் பார்க்க வேண்டும். மேடு உருண்டு, பளபளப்பாக, அழுத்தினாலும் அமுங்காமல் நின்றால் சேவல். தட்டையாகவோ, மங்கலாகவோ, எளிதில் அமுங்குவதாகவோ இருந்தால் பெட்டை. ஆனால் எல்லாக் குஞ்சும் இப்படித் தெளிவாகக் காட்டுவதில்லை. சில பெட்டைகளிலும் மேடு எஞ்சி நிற்கும். சில சேவல்களில் அது சிறுத்திருக்கும். பொரித்த முதல் நாளைத் தாண்டினால் வேறுபாடு மறையத் தொடங்கும். தேர்ந்த நிபுணர் மணிக்கு எண்ணூறு முதல் ஆயிரத்து இருநூறு குஞ்சுகள் வரை பார்த்து, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்குக் குறையாமல் சரியாகப் பிரிப்பார். அதாவது ஒரு குஞ்சுக்கு மூன்று நான்கு விநாடிகள்தான்!

‘எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?’ என்று கேட்டால் அவர்களில் பலருக்குச் சொல்லத் தெரியாது. பார்த்தால் தெரிகிறது என்பார்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கு அதை வார்த்தையில் விளக்க வராததைப் போல. இது மனத்தத்துவ விஞ்ஞானிகளை ஈர்த்தது. அமெரிக்காவில் பீடர்மன், ஷிஃப்ரார் என்ற இருவர், ஐம்பது ஆண்டுகளில் ஐந்தரைக் கோடி குஞ்சுகளைப் பிரித்த ஒரு நிபுணரை அணுகினார்கள். அவர் எந்த இடத்தில், எந்த வடிவத்தைப் பார்க்கிறார் என்று துருவிக் கேட்டு, அதை ஒரே ஒரு பக்கக் குறிப்பாக எழுதினார்கள். இந்த வேலையே அறியாதவர்களிடம் குஞ்சுகளின் படங்களைக் காட்டியபோது முதலில் நூற்றுக்கு அறுபது அளவில்தான் சரியாகச் சொன்னார்கள். அந்தக் குறிப்பைப் படித்த பின் எண்பத்து நான்காக உயர்ந்தது. 1987இல் வெளிவந்த இந்த ஆய்வு கூறுவது என்ன? கைவந்த கலை என்று நாம் ஒதுக்கிவைக்கும் அறிவையும், பொறுமையாகக் கேட்டால் பாடமாக்கிவிடலாம் என்பதே.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் இருக்கும் குஞ்சிடம் இந்த முறையைச் சோதித்துப் பார்க்காதீர்கள். பழகாத விரல் பட்டால் குஞ்சின் குடல் பாதிக்கப்படும்.

இறகு சொல்லும் செய்தி

மூன்றாவது வழி மிகவும் எளிது. குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்த்தால் இரண்டு வரிசை சின்னஞ்சிறு இறகுகள் தெரியும். ஒன்று முதன்மை இறகு. மற்றது அதை மூடும் மேலிறகு. சில கோழிகளுக்கு இறகு விரைவாக முளைக்கும், சிலவற்றுக்கு மெதுவாக. இந்த இயல்பும் இசட் குரோமோசோமில்தான் இருக்கிறது என்பது 1920களில் தெளிவாயிற்று. மெதுவாக முளைக்கும் இயல்பே ஓங்கி நிற்கும்.

ஆகவே, மெதுவாக இறகு முளைக்கும் பெட்டையோடு விரைவாக முளைக்கும் சேவலைச் சேர்த்தால், தாயின் இயல்பு மகன்களுக்குப் போகும்; தந்தையின் இயல்பு மகள்களுக்குப் போகும். முதன்மை இறகு மேலிறகைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் சமமாகவோ, முதன்மை இறகு குட்டையாகவோ இருந்தால் சேவல். வெள்ளை லெகார்னுக்கும் இது பொருந்தும். குஞ்சு பொரிப்பகத்தில் சில நாள் பழகினாலே இதைக் கற்றுக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெற்றோரைத் திட்டமிட்டுச் சேர்த்திருந்தால்தான் இந்த இறகு விதி செல்லும். உங்கள் வீட்டுப் பஞ்சாரத்தில் இருக்கும் நாட்டுக்கோழிக் குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்து போவீர்கள். அங்கே நீண்ட இறகு, அந்தக் குஞ்சுக்கு இறகு விரைவாக முளைக்கிறது என்பதை மட்டுமே காட்டும்.

மதிப்பிழந்த சேவல்

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஜப்பானியர்கள் சேவல் குஞ்சை விலக்கக் கற்றுக்கொண்டிருந்த அதே 1920களில், தெற்கே மார்த்தாண்டத்தில் சேவலுக்குத்தான் மரியாதை! அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், நாட்டுக்கோழிகளின் முட்டை வளத்தைப் பெருக்க வெள்ளை லெகார்ன் இனத்தைக் கொண்டுவந்தார். முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்கவும் ஏற்பாடு செய்தார். இத்தகைய இன மேம்பாட்டில் சேவலே கதாநாயகன். ஒரு பெட்டை தன் குஞ்சுகளை மட்டுமே மேம்படுத்தும். ஒரு நல்ல சேவலோ ஊரில் உள்ள பல பெட்டைகளின் குஞ்சுகளையும் மேம்படுத்திவிடும்.

பின்னர் காலம் மாறியது. 1960களிலும் 70களிலும் இந்தியாவில் வணிகக் குஞ்சு பொரிப்பகங்கள் தோன்றின. நாமக்கல் வட்டாரம் முட்டைக்குப் பெயர் பெற்றது. அங்கே 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்தது. முட்டைக்கு லேயர், கறிக்கு பிராய்லர் என்று கோழியே இரண்டாகப் பிரிந்துவிட்டது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டை இடும் இடத்தில், லேயர் முந்நூறு இடுகிறது. பிராய்லர் ஐந்தாறு வாரத்திலேயே இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடுகிறது.

அப்படியானால் லேயர் இனத்துச் சேவலின் கதி? அது முட்டையும் இடாது. கறிக்கு வளர்ந்துவரவும் மாதக்கணக்கில் ஆகும். அது தின்னும் தீவனத்தின் விலைக்கே அதன் கறி கட்டுப்படியாகாது. ஆகவே ஒவ்வொரு முட்டைக்கோழிக்கும் ஒரு வேண்டாத சகோதரன் பிறக்கிறான். உலகெங்கும் ஆண்டுதோறும் 600 முதல் 700 கோடிச் சேவல் குஞ்சுகள், பொரித்த அன்றே, நச்சுவாயுவாலோ சுழலும் இயந்திரத்தாலோ கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். நம் ஊரில் ஒரு பங்கு, சாயக் குஞ்சாகத் தெருவுக்கு வருகிறது.

இதை வைத்து முட்டையே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. தமிழ்நாட்டில் 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 1989 முதல் அதில் முட்டையும் சேர்ந்தது. இன்று பள்ளி நாள்களில் வாரம் ஐந்து முட்டை. சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் ஓர் ஏழைக் குழந்தையின் தட்டில் விழும் முட்டைக்குப் பின்னாலும் குஞ்சைப் பிரித்த ஒரு கை இருக்கிறது. 2023-24இல் இந்தியாவில் உற்பத்தியான முட்டை சுமார் 14,277 கோடி. அந்த மலிவு முட்டையின் விலையில் சேராத ஒரு செலவு, அந்தச் சேவல் குஞ்சின் உயிர்.

முட்டைக்குள்ளேயே கேட்பது

இதற்கு விஞ்ஞானம் விடை தேடுகிறது. சங்கரன்கோவில் சங்கரநாராயணர் திருவுருவில் ஒரு பாதி சிவன், மறு பாதி திருமால். திருச்செங்கோட்டில் ஒரு பாதி ஆண், மறு பாதி பெண்ணாக அர்த்தநாரீசுவரர். கோழியிலும் மிக அபூர்வமாக ஒரு பாதி சேவலாகவும் மறு பாதி பெட்டையாகவும் பிறப்பது உண்டு! ஒரு பக்கம் பெரிய தாடியும் முள்ளும். மறுபக்கம் பெட்டைக்குரிய சிறிய தோற்றம். ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வுக்கூடத்தினர் அப்படிப்பட்ட பறவைகளை ஆராய்ந்து 2010இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். சேவல் பக்கத்தில் பெரும்பாலும் ஆண் செல்கள், பெட்டைப் பக்கத்தில் பெரும்பாலும் பெண் செல்கள். கோழியின் பாலினம் இரத்தத்தில் ஓடும் ஹார்மோனால் மட்டும் அமைவதில்லை. ஒவ்வொரு செல்லும் தான் ஆணா பெண்ணா என்பதைத் தானே அறிந்திருக்கிறது.

அப்படியானால் கடுகளவு மேடு தோன்றும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? கருவிலிருந்து ஒரு துளி கிடைத்தால் போதுமே! ஜெர்மனியில் கண்ட ஒரு முறையில், அடை வைத்த ஒன்பதாம் நாள் முட்டை ஓட்டில் லேசர் கதிரால் மிக நுண்ணிய துளையிட்டு ஒரு துளி திரவத்தை எடுக்கிறார்கள். அதில் பெண் ஹார்மோன் இருந்தால் பெட்டை. அந்த முட்டை மீண்டும் அடைக்குப் போகும். சேவல் முட்டை அப்போதே தீவனமாக மாறும். இவ்வழியில் வளர்த்த கோழிகளின் முட்டைகள் 2018இல் பெர்லின் கடைகளில் விற்பனைக்கு வந்தன. 2022 ஜனவரி முதல் ஜெர்மனியில் சேவல் குஞ்சுகளைக் கொல்லச் சட்டமே தடை விதித்துவிட்டது. இந்தக் கருவிகளின் விலை அதிகம். முட்டை விலையும் சற்றுக் கூடுகிறது.

நம்மிடம் வேறொரு வழியும் இருக்கிறது. முட்டை, கறி இரண்டுக்கும் ஆகும் கோழி. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘வனராஜா’ அத்தகையது. நம் நாட்டுக்கோழியும் அப்படித்தானே? அங்கே சேவல் குஞ்சு வீணல்ல. கிராமத்துப் பெண்களுக்கு அவசரச் செலவுக்குக் கைகொடுக்கும் பணமே அது.

ஆகவே நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கினால் பதற வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். சேவலுக்குக் கொண்டையும் தாடியும் பெருத்துச் சிவக்கும், கால் தடிக்கும். மூன்று மாதத்தில் கழுத்திலும் இடுப்பிலும் கூர்நுனி இறகுகள் தொங்கும். பெட்டைக்கு அவ்விறகுகள் உருண்ட நுனியோடு இருக்கும். குஞ்சுகளின் காலில் வண்ண நூல் கட்டி, உங்கள் கணிப்பை நோட்டில் எழுதிவைத்து, மூன்று மாதம் கழித்துச் சரிபாருங்கள். நூற்றுக்கு ஐம்பது என்றால் அது வெறும் ஊகம். அதற்கு மேல் எவ்வளவு வருகிறதோ, அவ்வளவு உங்கள் கண் கற்றிருக்கிறது.

பிரித்தறியும் திறமை மனிதனுக்கு நூறு ஆண்டுகளில் கைவந்துவிட்டது. பிரித்தபின் விலக்கியதை என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை. அந்த விடையைக் காணும் ஆராய்ச்சியாளர் இதைப் படிக்கும் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.